தவறுகளின் பட்டியல்

லத்தீன் பாஷையில் நான் மிகவும் ரசித்துப் படித்தது காவியமும் அல்ல, நாடகமும் அல்ல, ஒரு பட்டியல். மொத்தம் 227 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெரும்பாலும் மூன்றே சொற்கள். முதற் சொல் சரியானது, நடுச் சொல் ‘அல்ல’, மூன்றாவது சொல் தவறானது. ‘இப்படிச் சொல், அப்படி அல்ல’ என்று ஒரு வாத்தியார் பிரம்பும் கையுமாக நின்று 227 தடவை அதட்டியிருக்கிறார். அவர் பெயர் தெரியாது. வட இத்தாலியில் பொப்பியோ என்ற ஊரிலிருந்த மடத்துச் சுவடி ஒன்றில், ப்ரோபுஸ் என்ற இலக்கணக்காரர் பெயரால் வழங்கும் நூலுக்குப் பின்னால் இந்தப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் இதற்கு ‘ப்ரோபுஸின் பிற்சேர்க்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவடியைப் பிரதி செய்தது சுமார் கி.பி. 700. இப்போது நேப்பிள்ஸ் நகரத்து நூலகத்தில் இருக்கிறது. பட்டியலை வாத்தியார் எழுதிய காலம் அதற்கு முந்தியது. 3ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 6ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு.

நாவல் படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பட்டியலில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. கதையில் வரும் பாத்திரங்கள் எந்த பாஷையில் பேச வேண்டும் என்கிற சண்டை நம்மிடையே இன்னும் ஓயவில்லை. ‘கொச்சையாக எழுதிப் பாஷையைக் கெடுக்கிறார்கள்’ என்று ஒரு கட்சி. ‘வண்டிக்காரன் வண்டிக்காரனாகத்தான் பேசுவான்’ என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பேசித் தீர்க்காத விஷயத்தைப் பற்றி இந்தப் பெயர் தெரியாத வாத்தியார் தம்மை அறியாமலே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

சில வரிகளைப் பார்க்கலாம். கண்ணாடிக்கு ‘ஸ்பெகுலும்’ என்று சொல், ‘ஸ்பெக்லும்’ அல்ல. கண்ணுக்கு ‘ஓகுலுஸ்’, ‘ஓக்லுஸ்’ அல்ல. காதுக்கு ‘ஔரிஸ்’, ‘ஓரிக்லா’ அல்ல. கிழவனுக்கு ‘வெதுலுஸ்’, ‘வெக்லுஸ்’ அல்ல. மாமியாரையும் மருமகளையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. மாமியார் ‘ஸோக்ருஸ்’, ‘ஸோக்ரா’ அல்ல; மருமகள் ‘நுருஸ்’, ‘நுரா’ அல்ல. (சம்ஸ்கிருதத்தில் மாமியாருக்கு ‘ச்வச்ரூ’ என்றும் மருமகளுக்கு ‘ஸ்நுஷா’ என்றும் பெயர். இந்த லத்தீன் சொற்களுக்கு அவை தூரத்து உறவு. மாமியார் மருமகள் விவகாரம் அவ்வளவு பழையது.)

வாத்தியார் திட்டியதோடு காலம் நிற்கவில்லை. இத்தாலியில் இன்று கண்ணாடி ‘ஸ்பெக்கியோ’, கண் ‘ஒக்கியோ’, காது ‘ஒரெக்கியோ’, கிழவன் ‘வெக்கியோ’. ஸ்பெயின் தேசத்தில் மாமியார் ‘ஸ்வேக்ரா’, மருமகள் ‘ந்வேரா’. ஒவ்வொன்றும் பட்டியலின் வலப்பக்கத்துச் சொல்லிலிருந்து, அதாவது தவறு என்று அடித்த சொல்லிலிருந்து பிறந்தது. இடப்பக்கத்துச் சரியான சொற்கள் புத்தகத்தில் இருக்கின்றன. தவறான சொற்களின் சந்ததிகளைத்தான் பல கோடி ஜனங்கள் தினமும் பேசுகிறார்கள். இத்தாலியம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் எல்லாமே ஒரு விதத்தில் இந்த வாத்தியாரிடம் தோற்றுப்போன மாணவர்களின் பாஷைகள்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. மேஜைக்கு ‘மென்ஸா’ என்று சொல், ‘மேஸா’ அல்ல என்கிறார் வாத்தியார். ‘ஸ’வுக்கு முன்னால் வரும் ‘ன்’னை ரோமாபுரி ஜனங்கள் வெகு காலமாகவே விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ‘மேஸா’ என்ற அந்தத் தவறான உச்சரிப்புத்தான் போர்ச்சுகலில் நின்றது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்களோடு அந்தச் சொல்லும் கப்பலில் வந்தது. நாம் அதை ‘மேசை’ என்று வாங்கிக்கொண்டோம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிற மேசைக்கு அந்த வாத்தியாரின் சம்மதம் இல்லை.

இந்தத் தவறுகளை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அவை தாறுமாறான தவறுகள் அல்ல. ‘ஸ்பெகுலும்’, ‘ஓகுலுஸ்’ என்ற சொற்களில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. நடு அசை வாயில் நசுங்கிப்போகிறது. ஒரு சொல்லில் நசுங்கினால் அதே மாதிரியான எல்லாச் சொல்லிலும் நசுங்குகிறது. ‘வெதுலுஸ்’ நசுங்கியபோது ‘த்’தும் ‘ல்’லும் சேர்ந்துகொண்டன. அதை உச்சரிக்க நாக்கு சிரமப்பட்டதால் ‘த்’ ‘க்’காக மாறிற்று. மாமியார் சொல்லிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ‘உஸ்’ என்று முடிவது லத்தீனில் சாதாரணமாக ஆண்பாற் சொல். மாமியாரை ஆண்பால் விகுதியோடு கூப்பிட ஜனங்களுக்கு மனசு வரவில்லை. பெண்பாலுக்குரிய ‘ஆ’வைப் போட்டுவிட்டார்கள். படிக்காதவன் செய்த காரியம்தான். ஆனால் இலக்கண உணர்ச்சி இல்லாதவன் அப்படிச் செய்திருக்க முடியாது. வாத்தியார் விதிவிலக்கு என்று சொல்லிக்கொடுத்ததை அவன் விதிக்குள் கொண்டுவந்தான்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வெந்நீருக்கு ‘காலிடா’ என்று சொல், ‘கால்டா’ அல்ல என்று ஒரு வரி. ஆனால் முதற் சக்கரவர்த்தியான அகுஸ்துஸ் தன் பேரனுக்கு எழுதிய கடிதங்களில் நேர் எதிராகச் சொன்னார் என்று க்விந்திலியன் என்ற பேராசிரியர் 1ஆம் நூற்றாண்டில் குறித்து வைத்திருக்கிறார். நடு அசையை விழுங்காமல் முழுசாகச் சொல்லுகிற பையனை, ‘இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அது பகட்டாக இருக்கிறது’ என்று சக்கரவர்த்தி கண்டித்தாராம். சக்கரவர்த்திக்கு இருந்த காது, சில நூறு வருஷங்களுக்குப் பின் வந்த வாத்தியாருக்கு இல்லை.

வாத்தியார்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அகுஸ்தீன் முனிவர் துறவியாவதற்கு முன் சொல்லணி ஆசிரியராக இருந்தவர். 400ஆம் வருஷத்தை ஒட்டி எழுதிய தம் சுயசரிதையில் அந்தத் தொழிலைப் பற்றியே கசப்போடு பேசுகிறார். மனிதன் என்ற சொல்லில் ‘ஹ’ ஒலியை விட்டுவிட்டால் முகம் சுளிக்கிறார்கள், மனிதனையே வெறுத்தால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். உள்ளே இருந்து பார்த்தவர் சொல்லுகிற வார்த்தை அது.

இனி நாவலுக்கு வருகிறேன். வாத்தியாரைப் போலவே ஜனங்களின் தவறுகளைக் காது கொடுத்துக் கேட்டவன் ஒருவன் அவருக்கு வெகு முன்பே இருந்தான். அவன் பெயர் பெத்ரோனியுஸ். நீரோ மன்னனின் சபையில் இருந்து, கி.பி. 66இல் மன்னனின் சந்தேகத்துக்கு இலக்காகித் தற்கொலை செய்துகொண்டவன்தான் அவன் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளுகிறார்கள். ‘ஸாத்திரிகோன்’ என்ற அவனுடைய நாவலில் சில பகுதிகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் த்ரிமால்கியோ என்ற புதுப் பணக்காரன் வீட்டு விருந்து ஒன்று வருகிறது. த்ரிமால்கியோ முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். விருந்தாளிகளில் பலரும் அப்படித்தான். குடித்துவிட்டு விலைவாசியைப் பற்றியும் சாவைப் பற்றியும் ஊர்க்கதைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். அவர்கள் லத்தீன் முழுக்கத் தவறு. திராட்சை மதுவுக்கு ‘வீனும்’ என்பதற்குப் பதில் ‘வீனுஸ்’ என்கிறான் ஒருவன். ஆகாயத்துக்கு ‘கைலும்’ என்பதற்குப் பதில் ‘கைலுஸ்’ வருகிறது. ஆனால் அதே நாவலில் கதை சொல்லுகிறவனும் அவன் சிநேகிதர்களும் பேசும்போது சுத்தமான லத்தீன். ஆகவே ஆசிரியனுக்கு இலக்கணம் தெரியாமல் வந்த தவறு அல்ல. ஆளுக்கு ஆள் பேச்சு மாறுவதை அவன் கவனித்து எழுதியிருக்கிறான்.

இந்த விருந்துப் பகுதி ஐரோப்பியர்களுக்கு வெகு காலம் கிடைக்காமலிருந்தது. சுமார் 1650இல் அட்ரியாடிக் கடலோரத்தில் த்ரோகிர் என்ற ஊரில் ஒரு சுவடியில் கிடைத்தது. 1664இல் பாதுவா நகரத்தில் அச்சாயிற்று. அச்சானதும் அறிஞர்களில் சிலர் இது போலி என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, இதில் வரும் லத்தீன் இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்பது. ரோமாபுரியின் பொற்காலத்தை அடுத்து வாழ்ந்த ஒருவன் இப்படி எழுதுவானா? நியாயமான சந்தேகம்தான், ரோமாபுரியில் எல்லோரும் சிசெரோ மாதிரிப் பேசினார்கள் என்று நம்புகிறவர்களுக்கு. 1748இல் தொடங்கிப் பொம்பேயி நகரத்தைத் தோண்டினார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அது. கடைச் சுவர்களிலும் தெருச் சுவர்களிலும் ஜனங்கள் கிறுக்கி வைத்திருந்த வாசகங்கள் வெளியே வந்தன. அவற்றிலும் இதே மாதிரியான எழுத்து விழுங்கல், இதே மாதிரியான விகுதிக் குழப்பம். பெத்ரோனியுஸ் காதால் கேட்டதைத்தான் எழுதினான் என்பதற்குச் சுவர்களே சாட்சி சொல்லின.

ஒரு நல்ல நாவலை, அதன் பாத்திரங்கள் உண்மையாகப் பேசுகிறார்கள் என்ற குற்றத்துக்காகவே போலி என்று தள்ளப் பார்த்தார்கள். இந்தச் சம்பவத்தை நம் விமர்சகர்கள் ஒவ்வொருவரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

படிக்காதவர்களின் தவறு இப்படியென்றால் படித்தவர்களின் தவறு எப்படியிருக்கும்? அதற்கு இங்கிலீஷ் பாஷையைப் பார்க்க வேண்டும். கடனுக்கு ‘டெட்’ என்கிறோம். எழுதும்போது நடுவில் வாய் திறக்காத ஒரு ‘பி’ இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் ‘பி’யால் எத்தனை பிள்ளைகள் அடிபட்டிருப்பார்கள்! பிரெஞ்சிலிருந்து வந்தபோது சொல்லில் அந்த எழுத்து கிடையாது. பழைய இங்கிலீஷ்காரர்கள் அது இல்லாமல்தான் எழுதினார்கள். பின்னால் வந்த பண்டிதர்கள், லத்தீனில் ‘டெபிதும்’ என்று இருக்கிறதே, மூலத்துக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று அதை நுழைத்தார்கள். அதிலாவது உறவு உண்மை. தீவுக்கு ‘ஐலண்ட்’ என்று சொல்லிவிட்டு நடுவில் ஓர் ‘எஸ்’ எழுதுகிறார்களே, அது முழுத் தவறு. அந்தச் சொல் பழைய இங்கிலீஷிலேயே உள்ளது. லத்தீன் ‘இன்ஸுலா’வோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. உருவத்தில் கிட்ட வந்ததால் பண்டிதர்கள் ஏமாந்து ‘எஸ்’ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஷேக்ஸ்பியர் இந்தக் கூட்டத்தை நேரில் பார்த்தவர். 1598இல் அச்சான ஒரு நாடகத்தில் ஹோலோஃபெர்னீஸ் என்ற வாத்தியாரை நிறுத்தி, கடன் என்ற சொல்லில் ‘பி’யை உச்சரிக்காதவர்களை அவர் வைய, அவரைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கும்படி செய்தார்.

அதே இங்கிலீஷில் பாமரர்கள் செய்த தவறுகள் எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கின்றன! சமையற்காரி முன்னால் கட்டிக்கொள்ளும் துணிக்கு முதலில் ‘நேப்ரன்’ என்று பெயர். ‘எ நேப்ரன்’ என்பதை வேகமாகச் சொல்லும்போது ‘ன்’ முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘ஏப்ரன்’ ஆயிற்று. பட்டாணிக்கு ஒருமையிலேயே ‘பீஸ்’ என்று பெயர். கடைசியில் ‘ஸ்’ இருப்பதால் பன்மை என்று நினைத்து ஒரே ஒரு பட்டாணிக்கு ‘பீ’ என்று புதிதாக உண்டாக்கினார்கள். ‘ஆரஞ்சு’ம் தலையில் இருந்த ‘ந’வை இழந்த சொல்தான். அந்த இழப்பு இங்கிலாந்துக்கு வருமுன்பே நடந்துவிட்டது. அதற்கு முன் அரபியில் ‘நாரஞ்ஜ்’, பாரசீகத்தில் ‘நாரங்’, சம்ஸ்கிருதத்தில் ‘நாரங்க’. அதற்கும் மூலம் திராவிட பாஷைகளில் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டு நாரத்தங்காய் ஊறுகாயில் அந்த ‘நா’ இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பண்டிதர்களின் சட்டங்களும் இந்தத் தினுசுதான். இங்கிலீஷில் ‘வித்’, ‘டு’, ‘ஆஃப்’ போன்ற முன்னிடைச் சொல்லை வாக்கியத்தின் முடிவில் வைக்கக்கூடாது என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். டிரைடன் என்ற பெரிய கவி 1672இல் பென் ஜான்ஸனிடம் இதைக் குற்றமாக எடுத்துக் காட்டினார். பிறகு தம்முடைய பழைய கட்டுரையையே எடுத்து 1684ஆம் வருஷப் பதிப்பில் அப்படி முடிந்த வாக்கியங்களைத் திருத்தினார். ஓர் இங்கிலீஷ் வாக்கியம் சரிதானா என்ற சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் வீட்டுக் கணக்கைப் பக்கத்து வீட்டுப் பேரேட்டில் சரிபார்க்கிற மாதிரி! 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் என்ற பாதிரியார், இந்தப் பழக்கம் நம் பாஷைக்கு இயல்பானது என்று ஒப்புக்கொண்டார். அதைச் சொன்ன வாக்கியத்தின் நடுவிலேயே ‘டு’வைக் கடைசியில் தள்ளி வைத்திருக்கிறார். இருந்தாலும் கம்பீரமான நடைக்கு வேண்டாம் என்று புத்தி சொன்னார். பின்னால் வந்தவர்கள் புத்திமதியைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

ஆகவே தவறுகளில் இரண்டு வகை என்று நான் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று வாயும் காதும் சேர்ந்து செய்வது. அதற்குள்ளே ஓர் ஒழுங்கு இருக்கும். இன்னொன்று அந்தஸ்துக்கு ஆசைப்பட்டுச் செய்வது. அதற்கு ஒழுங்கு கிடையாது. ஷெரிடனின் 1775ஆம் வருஷத்து நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப் வருகிறாளே, அவள் இரண்டாம் வகை. நைல் நதி முதலைக்கு ‘அலிகேட்டர்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘அலெகோரி’ என்கிறாள். நாம் நன்றாகச் சிரிக்கிறோம். ஆனால் அவளைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884இல் வெளிவந்தது. படிக்காத ஒரு பையன் தன் வாயாலேயே கதை முழுவதையும் சொல்லுகிறான். இரட்டை எதிர்மறை, பொருந்தாத வினைமுற்று எல்லாம் தாராளம். மாஸசூஸெட்ஸில் கான்கார்ட் ஊர் நூலகம் 1885இல் அந்த நாவலைத் தள்ளிவைத்தது. அதன் கரடுமுரடான பாஷையும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் ட்வெய்ன் புத்தகத்தின் முகப்பிலேயே, இதில் பல வட்டாரப் பேச்சுகள் வருகின்றன, ஒவ்வொன்றையும் சிரமப்பட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று அறிவித்திருந்தார். ஹக்கின் தவறுகளில் ஒழுங்கு இருக்கிறது. அதனால்தான் இருபது பக்கம் படித்ததும் அவை தவறாகவே தோன்றாமல் போகின்றன. ஓடிப்போன அடிமையைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று அவன் தன் மனசோடு போராடுகிற இடத்தை நல்ல இங்கிலீஷில் திருத்தி எழுதிப் பாருங்கள். போராட்டமே காணாமல் போய்விடும். பெத்ரோனியுஸ் தன் பாத்திரங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். ட்வெய்ன் தன் பாத்திரத்தின் வாயை நம்பி முழு நாவலையும் ஒப்படைக்கிறார். இருவருக்கும் நல்ல காது. ஆனால் மனிதரிடம் வைத்த மரியாதையில் ட்வெய்ன் ஒரு படி மேல் என்றே சொல்லுவேன்.

நம் விஷயத்துக்கு வரலாம். தமிழ் இலக்கணம் லத்தீன் வாத்தியாரைப் போல ‘அல்ல, அல்ல’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் இயல்பு வழக்கு மூன்று என்று பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார். இலக்கணமுடையது ஒன்று, இலக்கணப்போலி ஒன்று, மரூஉ ஒன்று. ‘தஞ்சாவூர்’ தேய்ந்து ‘தஞ்சை’ ஆனதும், ‘அருமருந்தன்ன பிள்ளை’ தேய்ந்து ‘அருமந்த பிள்ளை’ ஆனதும் மரூஉ. வாயில் தேய்ந்த சொல்லுக்கும் சபையில் ஒரு பலகை போட்டு உட்காரவைத்த இலக்கணம் நம்முடையது. பேச்சுத் தமிழைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் பவணந்தியைவிடக் கண்டிப்பானவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

‘காற்று’ ‘காத்து’ ஆகிறது. ‘நேற்று’ ‘நேத்து’ ஆகிறது. ‘வெற்றிலை’ ‘வெத்திலை’ ஆகிறது. ‘ஒன்று’ ‘ஒண்ணு’, ‘கன்று’ ‘கண்ணு’. ரோமாபுரியில் நடு அசை நசுங்கியதைப் போல இதுவும் ஒழுங்கோடு நடக்கிற காரியம். இதைக் கேட்டு எழுதுகிற எழுத்தாளன் பாஷையைக் கெடுக்கவில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் ‘நேற்று’ என்றும் ‘நேத்து’ என்றும் ஒரே ஆளைப் பேசவைத்து, நாலு ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் கிராமம் வந்துவிடும் என்று நினைக்கிறவன் வேறு. ஊர் பேர் இல்லாத கொச்சை அது. அதை யதார்த்தம் என்று பாராட்டுவது, வண்டிக்காரனைச் செந்தமிழில் பேசவைப்பதைப் பாராட்டுவதற்குச் சமானம். இரண்டிலும் ஆசிரியன் காதை மூடிக்கொண்டிருக்கிறான்.

வாசகர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுக்க ஆசைப்படுகிறேன். அடுத்த நாவலைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் பேசுகிற ‘தவறு’களை வரிசையாக எழுதுங்கள், அந்த லத்தீன் வாத்தியார் எழுதினாற்போல. இடப்பக்கம் புத்தகச் சொல், வலப்பக்கம் அந்த ஆளின் சொல். ஐம்பது வரி சேர்ந்த பிறகு வலப்பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். ஓர் ஊரும் ஒரு வயதும் ஒரு தொழிலும் கொண்ட ஆள் எழுந்து நின்றால் ஆசிரியனை நம்பலாம். சிதறிய எழுத்துகள் மட்டும் தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடலாம், பின்னட்டையில் யார் என்ன புகழ்ந்திருந்தாலும் சரி.